பனிக்கான கட்டம்

நுவரெலியா மலையேற்றப் பந்தயத்துக்காக மெக்கானிக் மதுரன் இரண்டு கார்களை அளந்து ஓர் அட்டவணையில் குறித்திருந்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட, வெயிலில் சிவப்புக் காருக்கு ஐந்து வினாடி, நீலத்துக்கு ஆறு. மழையில் சிவப்புக்கு எட்டு, நீலத்துக்கு ஏழரை. சிவப்பைப் பின்சக்கரங்கள் மட்டுமே தள்ளும். ஈரத்தில் அவை வழுக்கிச் சுழலும். நீலத்துக்கு நான்கு சக்கரங்களும் வேலை செய்யும். பனிக்கான கட்டத்தை மட்டும் அவன் நிரப்பவில்லை.

பந்தயத்தன்று மழை இல்லை, ரோட்டை ஈரமாக்கும் பனிமூட்டம்தான். காரோட்டி ஜீவராஜ், மதுரனின் அக்கா புருஷன், கேட்டார்.

"எத எடுக்கட்டும் மாப்ள?"

"பனிதானே மச்சான். வெயிலுக்கும் மழைக்கும் நடுவுல வரும். செவப்பையே எடுங்க."

"கவுந்தா ஒங்க அக்காவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

முதல் வளைவில் வேகமெடுத்தபோது பின்பக்கம் வழுக்கி விலகி, கார் தேயிலைச் சரிவில் உருண்டது. ஜீவராஜின் இடதுகாலை எடுக்க வேண்டியதாயிற்று.

பெருமழை ரோட்டிலுள்ள எண்ணெயையும் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிகள் சிந்திய மண்ணையும் கழுவிவிடும். பனி அவற்றைக் குழைத்துப் பூசிவிடும். அடுத்த பனி நாளில் மதுரன் நீலக் காரை அளந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"நீலத்துக்கே ஒம்பது வினாடி, மச்சான்."

ஜீவராஜ் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "செவப்புக்கு?"

அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. அளப்பதற்கு இனி அந்தக் கார் இல்லை.