கை பழகின பொண்ணு

"நான் வரலைப்பா. நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு மகள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

கறிக்கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்று பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் செய்முறைத் தேர்வு. உயிரியல் வாத்தியார் நேற்றே போன் பண்ணி ஏழு ஆட்டு இதயம் கேட்டிருந்தார். ஆறு மேசைக்கு ஆறு, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பார்க்க ஒன்று. கத்தி படாமல் பார்த்துப் பார்த்து எடுத்து, ஐஸ் போட்டு டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறார். பெண்ணோ வீட்டு உடுப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

"பரீட்சை நாளும் அதுவுமா என்னம்மா இது? யூனிஃபார்ம் எங்க?"

"போட்டுக்க வேணாம்னு சார் சொல்லிட்டார்."

"ஏனாம்?"

பதில் சமையலறையிலிருந்து வந்தது. "ஏன்னா அவ பரீட்சை எழுதப் போகலை, அறுத்துக் குடுக்கப் போறா. யூனிஃபார்ம்ல நின்னா வர்றவர் அவளையும் மாணவின்னு நெனச்சுக்குவாராம். நேத்து பூரா அழுதா. நீங்கதான் என் பொண்ணு என் பொண்ணுன்னு கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் தம்பட்டம் அடிச்சுக்கிட்டு இருந்தீங்களே, எந்த வாயால உங்ககிட்டச் சொல்றது?" என்றாள் அவர் மனைவி.

தம்பட்டம் அடித்தது உண்மைதான். போன வருஷம் முதல் செய்முறை வகுப்பிலேயே மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, "உனக்குத்தான் கைப்பழக்கம் இருக்குமே" என்று வாத்தியார் இவளிடம் பிளேடைக் கொடுத்தார். ஒரு மேசைக்கு அறுத்தவள் ஆறு மேசைக்கும் அறுத்தாள். அன்றிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது. அதைக் கௌரவம் என்று எண்ணிக்கொண்டார் மனுஷன். "சாருக்கே எம்பொண்ணுதாங்க வலது கை" என்று எடை போடும்போதெல்லாம் சொன்னார். கறி வாங்க வந்தவர்கள் சிரித்துத் தலையாட்டினார்கள். வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளிடம், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடாதே என்றும் சொன்னார்கள். அது அவருக்குத் தெரியாது.

அவளுடைய ரெக்கார்டு நோட்டை இன்றுதான் முதல்முறையாக வாங்கிப் புரட்டினார். பாதிக்கு மேல் வெள்ளைத்தாள்.

"ஏம்மா எழுதலை?"

"அறுத்த அன்னிக்கே பார்த்து வரைஞ்சு, லேப்லயே கையெழுத்து வாங்கணும்பா. அவங்க உட்கார்ந்து வரையறப்ப நான் தட்டு கழுவிக்கிட்டு இருப்பேன். கழுவி முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சுடும். ரெக்கார்டு முடிக்காதவங்களுக்குப் பரீட்சை கிடையாதாம்."

அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

லேப் வாசலிலேயே வாத்தியார் முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றார். "வாங்க வாங்க! பாப்பா எங்கே?"

"அவளைத்தான் பரீட்சைக்கு விடலையே சார்."

வாத்தியார் குரலைத் தணித்துக்கொண்டார். "தங்கமான பொண்ணு. அவ இல்லாட்டி எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஆனா ரெக்கார்டு முடிக்கலையே? விதின்னு ஒண்ணு இருக்கில்லையா?"

"முடிக்க விட்டாத்தானே சார்?"

"மத்ததெல்லாம் நல்ல வீட்டுப் பிள்ளைங்க. ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் போட்டு விழும். இவளுக்கு இது கூடப்பொறந்தது. அடுத்த வருஷம் எழுதட்டுமே, என்ன குடி முழுகிப்போச்சு?"

கறிக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. அப்படியானால் தன் வீடு என்ன வீடு? இரண்டு வருஷமாகத் தன் மகளை வாத்தியார் மாணவியாகப் பார்க்கவே இல்லை, கடையிலிருந்து டப்பாவோடு சேர்ந்து வரும் கத்தியாகத்தான் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

வாசலை ஒட்டிய மேசையில் நாற்பத்தொரு ரெக்கார்டு நோட்டுகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்தது திறந்து கிடந்தது. சிவப்பும் நீலமுமாக ஓர் இதயம், அதன் கீழே பச்சை மையில் கையெழுத்து.

"வகுப்பிலேயே முதல் ரெக்கார்டு இதுதான்" என்றார் வாத்தியார்.

கறிக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். "ரெண்டு பக்கச் சுவரையும் ஒரே தடிப்பாப் போட்டிருக்கே சார். ஒரு பக்கம் நல்லாத் தடிச்சு இருக்கும், இன்னொரு பக்கம் மெலிசா இருக்கும். ஆயிரக்கணக்குல அறுத்திருக்கேன், இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல. எம்பொண்ணைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாளே."

வாத்தியார் நோட்டை மூடினார். கறிக்கடைக்காரர் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

"இருங்க இருங்க! யாரு அறுக்கிறது?"

"பரீட்சை எழுதுறவங்க அறுக்கட்டும் சார்."

மத்தியானம் கறி வாங்க வந்த லேப் அட்டெண்டர் நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு பிள்ளைகூடப் பிளேடைத் தொடவில்லையாம். ஒருத்தி ஓடிப்போய் வாந்தி எடுத்தாளாம். வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்கு அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய அவசரம். "சரி, படம் மட்டும் போடுங்க போதும்" என்றிருக்கிறார். அறுக்காத இதயங்கள் டப்பாவிலேயே கிடக்க, அறுத்ததற்கான மதிப்பெண் நாற்பத்தொரு பேருக்கும் முழுசாக விழுந்திருக்கிறது.

கறிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. மகளிடம் இதைச் சொல்லாமல் மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் கடைக்குப் பின்னால் இருந்து அவளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த வாரம் வாத்தியார் மறுபடி போன் பண்ணினார். குரலில் பழைய குழைவு அப்படியே இருந்தது.

"பதினோராம் வகுப்புக்கு நாளைக்கு செய்முறை வச்சிருக்கேன். அன்னிக்கு நடந்ததையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. ஆறு இதயம் வேணும். பாப்பாவையும் கொஞ்சம் அனுப்பி வைங்களேன். இப்ப வீட்ல சும்மாத்தானே இருக்கா?"

கறிக்கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, தலை பின்னி, ரெக்கார்டு நோட்டின் வெள்ளைத்தாளில் இதயம் வரையக் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள் மகள்.

"சும்மா இல்ல சார்" என்றார். "பரீட்சைக்குப் படிக்கிறா."