மாரிக்கனி எழுதி முடிக்கும்வரை

1986 ஆனியில், எட்டு வயதில், மாரிக்கனி எங்கள் ஊர்த் துவக்கப்பள்ளியில் சேர்ந்தாள். அன்று முதல், அவள் சிலேட்டில் தன் பெயரை எழுதி முடிக்கும்வரை பொழுது சாய்வதில்லை. கொடிக்கம்பத்தின் நிழல் வேப்பமரத்தடி வரை வந்து நின்றுகொள்ளும். அவள் கடைசிக் கோட்டை இழுத்து நிமிர்ந்த பிறகுதான் நகரும். அந்த வருஷம் பருத்தி விலை இறங்கியது, கோயில் காளை செத்தது, இதுவும் நடந்தது.

பூமிநாதனுக்கும் தங்கத்தாய்க்கும் ஒரே மகள் அவள். எல்லாமே அவளுக்கு மெதுவாகத்தான் வரும். ஐந்து வயதில்தான் நடந்தாள். பலப்பம் விரலில் நிற்காது. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் கோகிலாம்பாள் டீச்சர் பலப்பத்தில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தார். கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மதியம் நீண்டதில் கடைக்காரர் பொன்ராஜின் மகன்கூட வாய்ப்பாட்டை முழுசாகப் படித்துவிட்டான். அதை நம்பத்தான் ஊருக்குக் கஷ்டமாக இருந்தது.

தொல்லை பருத்திக் காட்டில் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் காட்டுக்கு மற்றவர்கள் களையெடுக்கப் போவார்கள். பொழுது சாய்ந்தால்தான் கரையேறுவது வழக்கம். மார்கழியில் மாரிக்கனி ஓர் எழுத்தில் சிக்கிக்கொண்டாள். பொழுது நின்றது நின்றபடி இருக்க, பெண்கள் களையெடுத்துக்கொண்டே இருந்தார்கள். கை கொப்புளித்தது, இடுப்பு விட்டுப் போனது.

"தங்கத்தாயி, உம்மவள வீட்டோட நிறுத்து. பொழுதே சாய மாட்டேங்குது, நாங்க மனுசங்களா மாடுகளா?" என்றாள் பெத்தம்மாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தங்கத்தாய் மகளை நிறுத்திவிட்டாள். மறுநாள் சூரியன் ஒழுங்காக இறங்கியது. எல்லோரும் நேரத்தோடு வீடு போனார்கள். மாரிக்கனி மட்டும் வாசலில் உட்கார்ந்து, வெறும் விரலால் புழுதியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத் தங்கத்தாய் அழுதாள்.

அந்த வாரமே கோகிலாம்பாள் டீச்சர் மாரிக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்கே வந்துவிட்டார். வரப்பில் உட்கார வைத்துச் சிலேட்டைக் கொடுத்தார். அவள் எழுதத் தொடங்கியதும் நிழல்கள் நின்றன. பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு களைக்கொட்டை ஓங்கினார்கள்.

தங்கத்தாய் மட்டும் தன் களைக்கொட்டைக் கீழே போட்டாள். "எம்மக எழுதுறா. நா இருந்து பாக்கப் போறேன்" என்று பருத்தி நிரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது நின்றால் வேலையும் நிற்கலாம் என்பது அதுவரை ஒருத்திக்கும் தோன்றவில்லை. வெயில் இருந்தால் கை ஓட வேண்டும் என்றே பழகிய ஊர். பெத்தம்மாள் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு, "அதுவுஞ் சரிதான்" என்று காலை நீட்டி வெற்றிலையை எடுத்தாள். மாரிக்கனி எழுதி முடித்துச் சிலேட்டைத் தூக்கிக் காட்டியபோது எல்லோருக்கும் இடுப்பு வலி போயிருந்தது.

அதற்குப் பிறகு நிழல் நின்றால் ஊரே உட்காரும். அருப்புக்கோட்டை பஸ் டிரைவர்கூட இன்ஜினை அணைத்துவிட்டு, "புள்ள எழுதுது போல" என்று டீ சொல்லுவார். கோகிலாம்பாள் டீச்சர் மாற்றலாகி மல்லாங்கிணறு போனார். மாரிக்கனி அம்மா பெயரையும் எழுதப் பழகினாள்.

1998 தேர்தலில் அதே பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி மாரிக்கனியின் கையைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியைத் தள்ளினார்: "கைநாட்டு வச்சிரும்மா, கூட்டம் நிக்குது."

மாரிக்கனி தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். அது மெலிசாக இருந்தது. கைக்குட்டையைப் பேனாவில் சுற்றிக்கொண்டு குனிந்தாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், முள் நகரவில்லை. கடிகாரத்தைத் தட்டிவிட்டு, நிமிர்ந்து வெளியே பார்த்தார். கொடிக்கம்பத்தின் நிழல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. வாசலிலிருந்து ரோடு வரைக்கும் வரிசை மொத்தமும், யாரும் சொல்லாமலே, தரையில் உட்கார்ந்திருந்தது.