பேர் சொல்லக் கூடாத பறவை

...வயிறுதான் வெள்ளை, வாலு வெள்ளை இல்ல, நான் பார்த்தது வயிறுதானே, காலையில மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப் போடும்போது அந்தப் பறவை தலைக்கு மேல போச்சு, கண்ணைக் கூசுற வெயில், ஒரு நொடி, அவ்வளவுதான், அந்த ஒரு நொடியை வச்சுக்கிட்டு இப்ப மாவு பிசைஞ்சபடியே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பார்க்கப் பார்க்க மங்கிக்கிட்டே போகுது... இறக்கை பலகை மாதிரி நேரா இருந்துச்சா, இல்ல முழங்கை மடங்கின மாதிரி நடுவுல ஒடிஞ்சு இருந்துச்சா? நேரா இருந்தா அது வெள்ளைவால் கழுகு, குளிர்காலம் பூரா இந்தப் பால்காஷ் ஏரிப் பனிக்கட்டி மேல குந்திக்கிட்டு, வலைக்காரங்க வீசுற செத்த மீனைத் தின்னுக்கிட்டுக் கிடக்குமே, அது. அதுவா இருந்தா ஒரு பயமும் இல்ல. ஒடிஞ்சு இருந்தா... இருக்காது, ஒடிஞ்சு இருந்திருக்காது. அந்த இன்னொரு பறவை செத்த மீனைத் தொடவே தொடாது. அந்தரத்துல நின்னு இறக்கையைப் படபடன்னு அடிச்சு, காலை முன்னால நீட்டித் தண்ணிக்குள்ள தொபுக்கடீர்னு விழுந்து, உயிரோட தூக்கினாத்தான் அதுக்குச் சாப்பாடு. தெற்கே எங்கேயோ போய்க் கிடந்துட்டு, இங்க பனி உடைஞ்சு தண்ணி திறந்த பிறகுதான் வரும். தண்ணி திறந்துடுச்சுன்னா, என் புருஷன் மெயிர்கான் இப்ப எது மேல வண்டி ஓட்டிக்கிட்டுப் போறான்?

மாமனாருக்கும் அந்தப் பறவைக்கும் ஒரே பேர். என் தலையெழுத்து! பொறந்த வீட்டுல, ஜைசான் ஏரிக்கரையில, நாள்பூரா அந்தப் பேரைக் கத்திக்கிட்டுத் திரிஞ்சவ நான், போன இலையுதிர் காலத்துல முக்காடு போட்டு இந்த வீட்டுக்குள்ள குனிஞ்சு நுழைஞ்சதோட அது என் தொண்டையிலயே அடைஞ்சுபோச்சு. புருஷன் பேரைச் சொன்னா இந்தக் காலத்துல யாரும் கண்டுக்கிறதில்ல, மாமனார் பேர் மட்டும் கூடவே கூடாது. மூத்த மருமக ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிட்டான்னு அந்தக் குளிர்காலம் முழுக்க அவ கையால டீ வாங்கிக் குடிக்காத மனுஷன் இவரு. சரி, நாமளா ஒரு பேர் வச்சுக்குவோம்னு ‘மீன்காரன்’னு வச்சேன், மனசுக்குள்ளயே, யாருகிட்டயும் கேக்கல, கேட்டிருக்கணும்... காலையில உள்ள ஓடிவந்து, “அத்தை, மீன்காரன் வந்துட்டான்!”னு சொன்னேன், பனி உடையுதுன்னு எச்சரிக்கிறதா நெனப்பு. அத்தை டீக் கிண்ணத்தைப் படக்குன்னு கீழ வச்சுட்டு, “வந்துட்டானா, நாசமாப் போறவன்! டேய் மெயிர்கான், இன்னும் என்னடா உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்க, வலையை நார் நாராக் கிழிச்சிருவான், ஓடு!”ன்னாங்க. அவனும் சிரிச்சுக்கிட்டே பூட்ஸை மாட்டி, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால சறுக்குவண்டியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டான். வலையை அது எதுக்குக் கிழிக்கப் போகுதுன்னு நான் முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். வண்டிச் சத்தம் அடங்கின பிறகு அத்தை பெருமையாச் சொல்றாங்க, “அந்த வெள்ளைவாலுக்கு மீன்காரன்னு பேர் வச்சதே நான்தான், பனியில நாம வலை இறக்குற குழிகிட்ட முதலாளி மாதிரி உக்காந்திருக்கும் பாரு.” நான் சொன்னது ஒண்ணு, அவங்க விரட்ட அனுப்பினது இன்னொண்ணு.

சொல்லிப் பார்த்தேனே, சொல்லாம இருந்தேனா? “அத்தை, நான் சொன்னது கழுகு இல்ல, மாமா பேர் கொண்டது.” “மாமா பேர்ல கழுதைகூட ஒண்ணு இருந்துச்சு, மேலத்தெருவுல.” “இல்லத்தை, வெள்ளை வயிறு...” “வாலு.” “வயிறு அத்தை, கண்ணோரம் கறுப்பா மை இழுத்த மாதிரி...” “ஒரு நொடியில மை இழுத்ததெல்லாம் பார்த்துட்டியாக்கும்! வெயில்ல கண்ணு கூசியிருக்கும்டி. அது வர்றதுக்கு இன்னும் நாள் கிடக்கு. மாவைப் பிசை.” உண்மைதானே, மையை நான் பார்க்கல, தெரிஞ்சதைச் சேர்த்துச் சொல்லிட்டேன், அப்ப வயிறும் அப்படித்தானோ, இறக்கையும் அப்படித்தானோ... காலையில எவ்வளவு நிச்சயமா இருந்துச்சு! ஜைசான்காரிக்கு எதைப் பார்த்தாலும் பயம்னு சிரிப்பாங்க, சிரிக்கட்டும், சிரிச்சுட்டுப் போகட்டும், அது கழுகாவே இருந்துட்டுப் போகட்டும். அவனுக்குப் போன் அடிச்சேன், போகல, வலை கிடக்கிற நாணல் தீவுகிட்ட என்னைக்குமே சிக்னல் கிடையாது, அதுல பயப்பட என்ன இருக்கு, ஒண்ணும் இல்ல. பனி முந்தாநாளே இளகிச் சாம்பல் நிறமா மாறிடுச்சே, மெயிர்கான்தான் குதிகாலால தட்டிப் பார்த்துட்டு, இன்னும் ஒரு வாரம் தாங்கும்னான். கரையோரத்துல தட்டினான். தீவுகிட்ட யார் தட்டினது? அங்க அடியில நீரோட்டம் வேற. உருட்டின மாவை எண்ணெயில போட்டா அது உப்பி மேல வருது, நான் அதைப் பார்க்க முடியாம முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

அடுப்புக்கு வரட்டி எடுக்கணும்னு வெளிய வந்தேன், வரட்டி உள்ளயே கிடக்கு, இருந்தாலும் வந்தேன். ஏரி சாம்பலா, சத்தமே இல்லாம, கண்ணுக்கு எட்டின மட்டும் ஒண்ணும் அசையல. அப்ப வந்துச்சு. தாழ்வா, எதிர்காத்துல திணறிக்கிட்டு, இறக்கை நடுவுல ஒடிஞ்சு, ஆமா ஒடிஞ்சுதான், வீட்டுக்கு எதிர்ல இருக்கிற கரண்டு கம்பத்து மேல உக்காந்து நாய் மாதிரி உடம்பை உதறுச்சு, தண்ணி தெறிச்சுது. பஞ்சு மாதிரி வெள்ளை வயிறு. கொக்கில இருந்து கண்ணைத் தாண்டிப் பிடரி வரைக்கும் கறுப்புக் கோடு. மஞ்சள் கண்ணு என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, எனக்கென்னன்னு திரும்பிக்கிச்சு. கால் நகத்துக்குள்ள மீனு, தலை முன்பக்கமா, ஒரு கால் முன்னால ஒரு கால் பின்னால பிடிச்சிருக்கு, அதோட வாலு அடிச்சுக்குது, இன்னும் அடிச்சுக்குது. எங்கிருந்து வந்துச்சு? அடி பாவி, பார்த்தியே, நாணல் தீவுப் பக்கமிருந்து நேரா வந்துச்சே, உன் கண்ணாலயே பார்த்தியே...

கதவை எப்படித் திறந்தேன்னு தெரியல. உள்ரூம்ல மாமா முழங்காலுக்கு உப்புப் பொட்டலம் ஒத்தடம் கொடுத்துக்கிட்டு ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தாரு. “துய்கின்!”னு கத்திட்டேன். அவரு தன்னைத்தான் கூப்பிடுறேன்னு நெனச்சுத் தலையை நிமிர்த்தினாரு. “துய்கின் வந்திருக்கு மாமா, கம்பத்து மேல துய்கின், கால்ல உயிர் மீனு, தீவுப் பக்கமிருந்து!” எத்தனை தடவை சொன்னேனோ, அடைஞ்சு கிடந்ததெல்லாம் கொட்டிடுச்சு. அத்தை பதறித் தன் சட்டைக் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாங்க. இப்ப விழும், இப்ப விழும் திட்டுன்னு தோளைக் குறுக்கிக்கிட்டேன். மாமா ரேடியோவை அணைச்சாரு. “மீனு துடிச்சுதா?”ன்னு மட்டும் கேட்டாரு. “துடிச்சுது மாமா.” எந்திரிச்சு, தடியைக்கூட எடுக்காம, நொண்டிக்கிட்டே கொட்டகைக்குப் போய், பனி உடைஞ்சு விழுந்தவங்களை இழுக்கன்னு சுவர்ல சாத்தியிருந்த நீள ஏணியை இழுத்தாரு. அத்தை கயித்துச் சுருளைக் கொண்டுவந்து என் கையில திணிச்சாங்க. ஏணியோட ஒரு முனை அவரு தோள்ல, ஒரு முனை என் தோள்ல, ஏரியைப் பார்த்து ஓடுறோம், கண்ணுக்கு எட்டின மட்டும் வண்டியும் இல்ல, ஆளும் இல்ல, திட்டுங்க மாமா, வாய்க்கு வந்தபடி திட்டுங்க, மரியாதை தெரியாதவளேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு அவரு முதுகையே பார்த்துக்கிட்டு ஓடுறேன், மாமனார் பேரை ஊர் கேக்கக் கத்தின மருமகளை இந்த வீட்டுல இன்னும் யாரும் ஒண்ணும் சொல்லல.