மருமகள் போட்ட பிளான்

ஸ்ட்ரெச்சர் வீட்டு நடையின் மூலையில் திரும்பவில்லை. பின்னுக்கு இழுத்து, சற்றே சாய்த்து, மறுபடியும் முயன்றார்கள். அதன் முனை புதுச் சுவரில் இடித்து நின்றது. அதன்மேல், வெள்ளைத் துணியின் கீழ், சற்றுமுன் தூக்கத்திலேயே போய்விட்ட மாமனார் படுத்திருந்தார்.

மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவள் வரைந்த சுவர். பகலெல்லாம் ஜவுளிக்கடையில் பில் போட்டுவிட்டு, மாலையில் கட்டட வடிவமைப்புப் படிக்கிறாள். நடையை ஒடுக்கித் தனக்கொரு படிப்பறை ஒதுக்கியதுதான் அவளுடைய முதல் வேலை. பீரோ நுழையுமா, தண்ணீர்க் கேன் தூக்கி வருபவர் திரும்ப முடியுமா என்றெல்லாம் கவனமாக அளந்திருந்தாள். படுத்தபடி ஒருவர் வெளியே போக நேரிடும் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

மாமனார் வருகிறவர்களையெல்லாம் இங்கே அழைத்துவந்து, "எங்க மருமக போட்ட பிளான். தொட்டுப் பாக்காதீங்க, காசு கேப்பா" என்று சொல்லிச் சிரிப்பார். அப்படிப் பார்த்துப் போன அக்கம்பக்கத்தார்தாம் இப்போது நடையில் நின்றிருந்தார்கள். யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்குப் பட்டது.

மூலையை மட்டும் உடைத்துவிடலாமா என்று கொழுந்தன் தணிந்த குரலில் கேட்டான். கணவன் அவளைப் பார்த்தான்.

"இடிச்சிடுங்க" என்றாள்.

"வேண்டாம்." அறைக்குள்ளிருந்து மாமியாரின் குரல் வந்தது. "அவரு ஊரெல்லாம் சொல்லி வச்ச சுவரு. உடம்பு விறைக்கிறதுக்குள்ள நாற்காலில உக்கார வச்சுத் தூக்குங்க." சற்றுப் பொறுத்து, "நீ கூடவே போம்மா. எங்க இடிக்கும்னு உனக்குத்தான தெரியும்."

அதில் கோபம் இருந்ததா என்று அவளால் கண்டுகொள்ள இயலவில்லை.

கைப்பிடி வைத்த நாற்காலி வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அவள் படிப்பறையில் உட்கார்ந்து வரைகிற நாற்காலி. அதில் அவரை அமர்த்தி, துண்டால் மார்போடு சேர்த்துக் கட்டித் தூக்கினார்கள். மூலை வந்ததும் அவருடைய முழங்கை சுவரை நெருங்கியது. அவள் தன் கையை இடையில் கொடுத்தாள். முழங்கையின் கனம் உள்ளங்கையில் அழுந்த, சுவரின் விளிம்பு புறங்கையைச் சிராய்த்துக்கொண்டு போனது.

"கொஞ்சம் இடது பக்கம்" என்றாள், தூக்குகிறவர்களுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

நாற்காலி திரும்பியது.

வாசலில் அவரை மறுபடியும் படுக்கவைத்தார்கள். யாரோ வழிவிடச் சொன்னார்கள். அவள் நகர்ந்து நின்று, வெள்ளைப் பூச்சு ஒட்டியிருந்த கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.