இரண்டாம் தடவை கேட்காத ஊர்

மாப்பிள்ளை இந்த நாட்டில் வந்திறங்கி நான்கு மாதம். பெண்டாட்டியோடு மச்சான் வீட்டு ஹாலில் குடித்தனம். பகலில் சோபாவாக இருப்பது ராத்திரியில் கட்டிலாகும்; அதை இழுத்து விரிக்கிற சத்தத்துக்கு உள்ளறையிலிருந்து மச்சானின் மனைவி ஒரு பெருமூச்சு விடுவாள். தனி வீடு பார்க்கலாமென்றால், நிரந்தர வேலைக்குக் கடிதம் கொண்டா என்கிறார்கள் வீட்டுக்காரர்கள். மாப்பிள்ளைக்கோ ஓட்டல் சலவைக்கூடத்தில் தற்காலிக வேலை. ஊரில் முப்பது பேர் எழுந்து வணக்கம் சொன்ன ஹெட் கிளார்க், இங்கே படுக்கை விரிப்பு மடிப்பதில் புலி.

அன்று மதியம் சூப்பர்வைசரம்மா கூப்பிட்டாள். "ஒரு இடம் நிரந்தரமாகுது. நாளைக்குள்ள ஆள் போடணும். உங்களுக்கு வேணுமா?"

இந்தக் கேள்விக்காக அவர் வேண்டாத தெய்வமில்லை. ஆனால் நல்ல குடும்பத்தில் பிறந்தவன், நீட்டியதும் வாயைப் பிளப்பானா? ஒரு வாய் காபிக்கே மூன்று தடவை மறுத்து, நான்காம் தடவை "நீங்க இவ்வளவு சொல்றதால" என்று வாங்கிக்கொள்கிற பரம்பரை. வெட்கத்தோடு சிரித்தார்.

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்!"

"சரி" என்று பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயே போய்விட்டாள்.

அவள் அறை வாசலில் விரிப்புகளைச் சுமந்துகொண்டு மூன்று நடை நடந்து காட்டினார். "நல்லா மடிச்சிருக்கீங்க" என்றாள், அவ்வளவுதான். வேண்டாமென்ற வாயால் வேண்டுமென்று போய் நிற்பதா? சோபாவில் படுத்தாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டு மனைவி அழுதேவிட்டாள். "வேண்டாம்னா சொன்னீங்க?"

"மரியாதைக்குச் சொன்னேன்டி. அவ இன்னொரு தடவை கேட்டிருக்கணும்ல?"

"அவ என்ன உங்க சம்பந்தியா, தாங்கித் தாங்கிக் கேக்க?"

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மச்சான் பெரிய மனதோடு தோளைத் தட்டினார். "விடுங்க மாப்ள. எத்தனை வருஷம் வேணும்னாலும் இங்கேயே இருங்க."

"ஆமாண்ணா, நாங்க என்ன வேத்து மனுஷங்களா?" என்றாள் மச்சானின் மனைவி.

இந்த இடத்தில் "அதெப்படிங்க, உங்களுக்குச் சிரமம்" என்று சொல்ல வேண்டும். அங்கிருந்த நாலு பேருக்கும் அது தெரியும். ஆனால் மாப்பிள்ளை அன்றுதான் சூடுபட்டிருந்தார்.

"சரிங்க" என்றார்.

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மனைவி கையிலிருந்த கரண்டி பாதியில் நின்றது.

பத்து வருடத்தில் ஒரு நாள்கூட லீவெடுக்காத மச்சான், மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காலை எட்டு மணிக்குச் சூப்பர்வைசரம்மா முன்னால் நின்றார்.

"அந்த வேலை அவருக்கு வேணும்."

"வேண்டாம்னாரே?"

"எங்க ஊர்ல அப்படித்தாங்க வேணும்னு சொல்லுவாங்க."

அவள் தலையைச் சொறிந்துகொண்டு கோட்டை அழித்தாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை கடிதத்தோடு வந்தார். மச்சானின் மனைவிக்கு உண்மையாகவே சந்தோஷம். "என்னண்ணா அவசரம், இன்னும் ஒரு மாசம் இருந்து..." என்று ஆரம்பித்தாள்.

மச்சான் அவள் காலை ஓங்கி மிதித்தார்.