தீபாவளி டூட்டி

அம்மாவின் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, நர்ஸ் பியூலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினாள். பத்து பத்து. வெளியே சரவெடி ஓயாமல் வெடித்துக்கொண்டிருந்தது. மகள் ஹெப்சிபா இன்னும் அம்மாவின் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கு வெடிச்சத்தம் ஆகாது.

"போதும்மா." பியூலாதான் அந்தக் கைகளை மெல்ல எடுத்துவிட்டாள். "அப்பாவுக்குச் சொல்லிட்டியா?"

அப்பா ஞானதுரை அரசு பஸ் டிரைவர். கிறிஸ்துமஸ் அன்று அவருடைய வண்டியைக் கூட வேலைபார்க்கும் டிரைவர் பேச்சிமுத்து ஓட்டுவார். தீபாவளிக்குப் பேச்சிமுத்துவின் வண்டியை அப்பா ஓட்டுவார். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். இந்தத் தடவை மட்டும் முடியாதென்று சொல்லிவிடலாமா என்று அப்பா தயங்கியபோது, மூச்சிரைப்புக்கு நடுவில் அம்மாதான் சொன்னாள்.

"அவிய மக தலைதீபாவளிக்கு வந்திருக்கா. கெடுத்துராதிய. போயிட்டு வாங்க."

அம்மா பரிபூரணத்தின் பேச்சை அவர் என்றைக்குத் தட்டினார்? விடியுமுன் மதுரைக்கு வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

ஓட்டும்போது அப்பா போனை எடுக்கமாட்டார். ஹெப்சிபா கண்டக்டர் முத்துப்பாண்டியை அழைத்தாள்.

"மதுரையிலருந்து திரும்பியாச்சு, கிருஷ்ணன்கோவில் தாண்டிட்டோம் தாயி. படி வரைக்கும் கூட்டம். மதினிக்கு எப்பிடி இருக்கு?"

சொன்னாள். முத்துப்பாண்டி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணங்கிட்ட சொல்லட்டா?"

எழுபது பேராவது இருப்பார்கள். ஓட்டும்போது அப்பாவின் கவனம் சிதறிவிட்டால்?

"வேண்டாம் சித்தப்பா. ராஜபாளையத்துல எல்லாரும் எறங்குன பொறவு சொல்லுங்க."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் அப்பாவே அழைத்தார்.

"அம்மா என்ன செய்தா?"

"படுத்திருக்காவப்பா."

"கஞ்சி குடிச்சாளா?"

"இன்னும் இல்ல."

"எழுப்பாத. தூங்கட்டும். வண்டிய விட்டுட்டு செத்த நேரத்துல வந்துருதேன்."

ஆஸ்பத்திரி, அந்த பஸ் ஸ்டாண்டிலிருந்து ராஜபாளையம் போகும் ரோட்டின் மேலேயே இருந்தது. பஸ் அந்த வழியாகத்தான் போகும். வெளியே போகக்கூடாது என்று நினைத்தாள். ஆனாலும் போய் கேட்டில் நின்றாள்.

பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வந்தது. ஜன்னல் வழியே அப்பா அவளைப் பார்த்தார். வேகம் குறைந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். படியில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள். ஹெப்சிபா, போங்கப்பா என்று கையை ஆட்டினாள். முகத்தை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பஸ் போய்விட்டது.

ஒரு மணி நேரம் கழித்து வேறொரு பஸ்ஸில், காக்கிச் சட்டையோடு அப்பா வந்து இறங்கினார். யாரிடமும் எதுவும் கேட்காமல் வார்டுக்குள் போனார். கூட வந்த முத்துப்பாண்டி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் சொல்லவே இல்ல தாயி. கடைசி ஆளையும் எறக்கிவிட்டுட்டு, 'எத்தன மணிக்குடா போனா?'ன்னு அவியளே கேட்டாவ."

ஹெப்சிபா உள்ளே போனாள். "நிப்பாட்டியிருக்கலாம்லப்பா."

அப்பா அம்மாவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாம் வீட்டுக்குப் போற ஆளுக" என்றார்.

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பியூலா கையெழுத்துக்காகக் காகிதத்தோடு வந்தவள், பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். கட்டிலுக்கடியில் அவருடைய வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல் தரையை அழுத்தியது, எடுத்தது, மறுபடியும் அழுத்தியது.