எஞ்சினின் பதினாறாம் நாள்

கோமளவல்லியின் கார் எஞ்சினுக்கு அன்று பதினாறாம் நாள் காரியம். அந்த ஊரில் எஞ்சின் இறந்தால் உரியவர்கள் இதைச் செய்தாக வேண்டும். காரியப் பத்திரிகையில் முதல் பெயர் மெக்கானிக் குழந்தைவேலுவுடையது. பெயருக்குக் கீழே 'மரணத்தை உறுதிசெய்தவர்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

உறுதிசெய்ய அவனுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கோமளவல்லி வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறவள். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவனுடைய ஒர்க்‌ஷாப்பில் காரை நிறுத்திவிட்டு, சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது என்றாள். குழந்தைவேலு டீ குடித்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"எஞ்சின் போச்சுங்க. தண்ணி பாக்காம ஓட்டீருக்கீங்க."

"தெனமும் பாத்தனுங்களேண்ணா."

"பாத்திருந்தா இது ஏன் சாகுது?"

மறுநாள் எஞ்சின் சாவுகளைப் பதிகிற பதிவாளர் வந்து அவள் வீட்டுக் கதவில் 'கவனக்குறைவு' என்று ஒரு பலகை மாட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு ரத்தம் கொடுக்க யாரும் அவளிடம் கை நீட்டவில்லை.

முறைப்படி, காரியத்தன்று காலையில் உறுதிசெய்தவன் கடைசியாக ஒருமுறை சாவியைத் திருப்ப வேண்டும். குழந்தைவேலு திருப்பினான். முள் விருட்டென்று சிவப்புக்குப் போய் நின்றது.

பதினாறு நாளாக ஓடாத எஞ்சின். கையை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது. ஸ்கேனரைச் செருகினான். நூற்றிருபது டிகிரி என்றது.

எஞ்சினின் சூட்டைச் சொல்லும் சென்சாரைக் கழற்றினான். கட்டைவிரல் அளவுதான் இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி மல்டிமீட்டரில் பார்த்தான். கொதிக்கிற தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தான். இரண்டிலும் ஒரே எண். பச்சைத்தண்ணீரும் வெந்நீரும் அதற்கு ஒன்றுதான்.

புதுச் சென்சாரைப் பொருத்தினான். பழையதைக் கழற்றும்போது வழிந்துபோன கூலன்ட் தண்ணீருக்கு ஈடாக ஊற்றி, காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு ஸ்டார்ட் செய்தான். எஞ்சின் ஒரே மூச்சில் எழுந்துகொண்டது. முள் அடியிலிருந்து மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது. எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேர வேலை.

சட்டென்று அணைத்தான். பக்கத்துக் கடைக்குச் சத்தம் கேட்டிருக்குமோ என்று எட்டிப் பார்த்தான். எட்டிப் பார்த்ததை நினைத்து உடம்பெல்லாம் கூசியது.

அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போக அவனுக்கு முகம் இல்லை. நியூட்ரலில் போட்டு மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். தள்ளத் தள்ளத் தெரு நீண்டது. வழியில் இரண்டு முறை அதே பஸ் ஸ்டாப் வந்தது.

மண்டபத்தில் எஞ்சினின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். முந்நூறு பேர் பார்க்க, கோமளவல்லி அதன் முன்னால் கைகூப்பி நின்றாள்.

"நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன். மன்னிச்சுக்க."

குழந்தைவேலு வாசலிலிருந்தே சொன்னான். "அது சாகலீங்க."

பதிவாளர் நிமிர்ந்தார். "உறுதிசெஞ்சது நீங்கதான?"

"நாந்தானுங்க. சென்சார்தான் கெட்டிருந்துச்சு. மாத்தீட்டேன். ஓடுது."

"அன்னைக்குப் பாத்துத்தான சொன்னீங்க?"

"பாக்கலீங்க."

மண்டபத்தில் மின்விசிறிகள் தாமாகவே நின்றன. பதிவாளர் பழைய சென்சாரை வாங்கி அவன் நெற்றியில் வைத்தார். நூற்றிருபது என்று படிவத்தில் எழுதிக்கொண்டார். முதல்முறையாக அது சரியாகச் சொல்கிறது என்று குழந்தைவேலுவுக்குத் தோன்றியது.

"சாவுப் பதிவ ரத்து பண்ணலாம். ஆனா வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்களே சொல்லோணும். தனித்தனியா."

பந்தி தொடங்கியது. அவன் இலை இலையாகக் குனிந்து சொன்னான்.

"இந்தம்மிணி தெனமும் தண்ணி பாத்திருக்குதுங்க. நாந்தான் வண்டியத் தொடாமயே சொல்லீட்டேன்."

"அப்பறம் ஏனுங்க சொன்னீங்க?" என்று கேட்டார் ஒருவர்.

"எந்திரிக்கச் சோம்பலா இருந்துச்சுங்க."

அவர் தலையாட்டிவிட்டுச் சாம்பார் கேட்டார்.

வரிசை முடிகிற இடத்தில் இன்னொரு வரிசை இருந்தது. ரசம் வந்தது. மோர் வந்தது. சொல்லிச் சொல்லிப் பழகிவிடும் என்று நினைத்திருந்தான். பழகவில்லை. நூறாவது ஆளிடம் சொல்லும்போது முதல் ஆளிடம் சொன்னதைவிட நாக்கு கனத்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்தவரைக் கைகாட்டினார்கள்.

கடைசி இலையில் கோமளவல்லி உட்கார்ந்திருந்தாள். சோற்றில் கை வைக்கவில்லை.

குழந்தைவேலு முழங்கால் தரையில் படக் குனிந்து சொன்னான். உதடுகள்தான் அசைந்தன.

"கேக்கலீங்கண்ணா," என்றாள் அவள். "இன்னுங் கொஞ்சம் சத்தமா."